விளக்கு எரிகிறதா என்று யார் பார்ப்பது?

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகிச் சென்றால் தளவானூர் என்னும் சிற்றூர் வரும். ஊரை அடுத்த குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் இருக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலத்தைச் சேர்ந்த கோயில் அது. முகப்பில் மகரதோரணம், இரு பக்கமும் காவலர் சிற்பங்கள். தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, கட்டியவன் யார், கோயிலின் பெயர் என்ன என்று சொல்லுகிறது. பக்கத்து ஊரான மண்டகப்பட்டில் அதே மன்னனின் கல்வெட்டு இன்னும் சுவையானது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்த கோயில் என்று பெருமை பேசுகிறது. கட்டியதைப் பற்றிய கல்வெட்டுகள் இவை. கட்டிய பிறகு நாள்தோறும் நடக்கவேண்டிய பணியைப் பற்றிய கல்வெட்டுகள் வேறு வகை. அவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பழங்கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருவர், ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மாலை கணிப்பொறி மையம் ஒன்றில் போய் உட்கார்ந்தார். விண்ணப்பம் முழுவதையும் நிரப்பிவிட்டார். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரவு 9 மணிக்குக் கடையை மூடிவிட்டார்கள். முறையிட்டபோது வந்த பதில் இரண்டே வரி: அன்று 24 மணி நேரமும் தளம் இயங்கியது, தானியங்கிக் கண்காணிப்புப் பதிவேடு அவ்வாறே காட்டுகிறது. அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. மாணவி சொன்னதும் பொய் இல்லை. பதிவேடு காட்டியதும் பொய் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கமுடியும்?

இந்தக் கேள்வியைத் தீர்க்க முதலில் தஞ்சைக்குப் போகவேண்டும்.

96 ஆடுகளின் கணக்கு

தளவானூர்க் குகைக்கு நான்கு நூற்றாண்டுகள் பிந்தியது தஞ்சைப் பெரிய கோயில், குடமுழுக்கு 1010இல். அங்கே முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பல, விளக்கு எரிக்கும் பணியை இடையர்களிடம் ஒப்படைத்த ஒப்பந்தங்களாக இருக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. பெற்றுக்கொண்ட இடையர் ‘ஆடவல்லான்’ என்னும் அளவையால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து தரவேண்டும். இடையரின் பெயரோடு அவருடைய உறவினர் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் தவறினால் பொறுப்பு அத்துடன் போய்விடாது.

இதில் எத்தனை செய்தி அடங்கியிருக்கிறது பாருங்கள். ‘விளக்கை நன்றாக எரிக்கவேண்டும்’ என்று எழுதவில்லை. நன்றாக என்பதற்கு ஆளுக்கு ஒரு பொருள் உண்டு. ஓர் உழக்கு என்பதற்கும் ஊருக்கு ஊர் வேறு பொருள் உண்டு என்பதால், எந்த அளவை என்று பெயர் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு, எதனால் அளப்பது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, யார் பொறுப்பு: நான்கும் தெளிவு. காலம்? சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அதுதான் கொஞ்சம் அதிகம்!

96 என்ற எண் எங்கிருந்து வந்தது? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோழர் கால உழக்கின் கொள்ளளவைப் பின்னாளைய படிக் கணக்கின்படி ஏறத்தாழ 336 மில்லிலிட்டர் என்று கொள்வோம். இது ஒரு தோராயம்தான். அவ்வளவு நெய் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். ஆட்டுப்பாலில் 7 விழுக்காடு கொழுப்பு என்றால் நாளொன்றுக்கு நாலரை லிட்டர் பால் வேண்டும். 96 ஆடுகளில் எந்த ஒரு நாளிலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32 ஆடுகள், பால் மரத்துப்போகாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், குட்டிக்குப் போக ஒவ்வொன்றும் 140 மில்லிலிட்டர் தந்தால் போதும். நாட்டு ஆட்டால் எளிதில் முடிகிற காரியம். ஆகவே 96 ஒரு புனித எண்ணாக இருக்கவேண்டியதில்லை. மந்தை என்னும் பொறியின் சராசரித் திறனை அறிந்தவர்கள், மழை தப்பினாலும் நோய் வந்தாலும் விளக்கு அணையாதபடி கொஞ்சம் கூட்டிப் போட்ட எண் என்றே தோன்றுகிறது. வேறு கோயில்களில் 90 ஆடு என்றும் காண்கிறோம்.

கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? ஆடு சாகும், ஆனால் எண்ணிக்கை சாகாது. இறந்ததற்கு ஈடாகக் குட்டியிலிருந்து ஒன்றைச் சேர்த்து 96ஐ 96ஆகவே வைத்திருப்பது இடையரின் கடமை. மிகுதிக் குட்டி அவருக்கு ஊதியம். தனித்தனிப் பொருள் அழிந்தாலும் பணி தொடரவேண்டும் என்னும் கருத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குக் கணிப்பொறி நிலையங்களில் ஒரு பொறி பழுதானால் இன்னொன்று அதன் இடத்தில் வந்து நிற்கிறதே, அதுவும் இந்தச் சாவா மூவா வகைதான்.

சரி, யார் கண்காணித்தார்கள்? அறக்கட்டளைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘இது பன்மாகேசுவரர் காப்பு’ என்று முடிகின்றன. அடியார்கள் எல்லாரும் காவல் என்று பொருள். இது வெறும் சடங்குச் சொல் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. விளக்கு அணைந்தால் கோயிலுக்கு வந்த எவருக்கும் தெரியும். எந்தப் பணி கிடைக்கவேண்டுமோ அதுவே தன் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. அதுவும் பயன் பெறுகிறவர் கண் முன்னால். நடை சாத்திய பின் எரிகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. அதற்குத்தான் நெய்யை அளந்து வாங்குகிற ஏற்பாடு.

கணக்குக் கேட்பதில் அக்காலத்தார் கண்டிப்பாக இருந்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை வெட்டியிருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கமுடியாது.

நின்றுபோன மானி

நம் வீட்டுக்கு வரும் மின்சாரமும் ஓர் ஒப்பந்தத்தின் பேரில்தான் வருகிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், வீடுகளுக்குத் தரும் மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்றன. 230 வோல்ட் என்றால் ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையில். அதிர்வெண் 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. பிற்காலத்தில் வேறு விதிகள் இவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் மின் பகிர்மானத்துக்குச் செயல்தர விதிமுறைகளை வெளியிட்டது. மின்தடையைச் சீர்செய்ய இன்ன நேரம் என்று கெடு வைத்து, தாண்டினால் நுகர்வோருக்கு இழப்பீடு என்றும் சொன்னது.

நல்லதுதான். எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லை என்று உங்களால் சொல்லமுடியுமா? வீட்டுச் சுவரில் பழைய தட்டு சுழலும் மின்மானி இருந்ததே, அது எத்தனை யூனிட் எரித்தீர்கள் என்று ஒரு புள்ளி பிசகாமல் எண்ணியது. மின்சாரம் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. தட்டை நகர்த்துவது மின்சாரமே ஆதலின், மின்சாரம் இல்லாத நேரத்தை அதனால் எண்ண இயலாது. வழங்குபவருக்கு வரவேண்டியதைத் தானாக எண்ணிய கருவி, பெறுபவருக்கு வராததை எண்ணவில்லை. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை; கருவியின் அமைப்பே அப்படி. ஆனால் கண்காணிக்கும் கருவி, கண்காணிக்கப்படும் பொருளையே உயிராகக் கொண்டிருக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? தன் கடிகாரத்தைத் தனி மின்கலத்தால் ஓட்டி, தடை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும் மின்னணு மானிகள் பின்னர்தான் வந்தன.

மாநிலங்களுக்கு இடையே நடந்த கதை இதைவிடப் பெரியது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம் எல்லாம் ஒரே மின் தொகுப்பில் பிணைந்தவை. மத்திய நிலையங்களின் மின்சாரத்தில் இன்ன மாநிலத்துக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு. 1990களில் மாலை வேளையில் எல்லாரும் பங்குக்கு மேல் இழுத்தார்கள். நள்ளிரவில் தேவை குறைந்தபோதும் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கவில்லை. கூடுதலாக இழுத்தவருக்குத் தண்டமும் இல்லை, குறைத்துக்கொண்டவருக்குப் பரிசும் இல்லை.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்களின் வலிமையும் தேரின் பாரமும் ஒத்திருந்தால் நடை சீராக இருக்கும். பாரம் மிஞ்சினால் நடை தளரும். வடத்தின் எந்த இடத்தில் கை வைத்தவரும் அந்தத் தளர்ச்சியை உடனே உணர்வார். முன்னால் நிற்பவரிடம் கேட்டு அறியவேண்டியதில்லை. மின் தொகுப்பிலும் அப்படியே. தேவை உற்பத்தியை மிஞ்சினால் எல்லா மின்னாக்கிகளின் சுழற்சியும் ஒருங்கே தளர்கிறது. அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்குகிறது. அதைச் சென்னையிலும் அளக்கலாம், செஞ்சியில் ஒரு வீட்டுச் செருகுமுனையிலும் அளக்கலாம். எண் ஒன்றே.

இதைப் பயன்படுத்தி மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000இல் ஒரு முறையைக் கட்டளையிட்டது. தென் மண்டலத்தில் 2003 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாளைக்கு யார் எவ்வளவு எடுப்பது என்று முந்தின நாளே அட்டவணை போடப்படும். நாள் முழுவதும் 15 நிமிடக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். இணைப்பு இடங்களில் பொருத்திய தனி மானிகள் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த மின்னாற்றலையும் அப்போதைய சராசரி அதிர்வெண்ணையும் பதியும். அட்டவணையிலிருந்து விலகியதற்கு விலை உண்டு. அந்த விலையை அதிர்வெண்ணே தீர்மானிக்கும். முதலில் வகுத்த விகிதப்படி, 50.5 ஹெர்ட்சில் விலை சுழி, 49.02 ஹெர்ட்சில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. தேர் தளரும்போது கையை விடுகிறவர் அதிகம் கட்டவேண்டும். தோள் கொடுக்கிறவருக்கு அதே விலை கிடைக்கும்.

ஒரு மாநிலம் அப்படித் தளர்ந்த வேளையில், ஒரு கட்டத்தில், அட்டவணைக்கு மேல் 100 மெகாவாட் இழுத்ததாகக் கொள்வோம். கால் மணி நேரத்தில் 25,000 யூனிட். கட்டவேண்டியது 1,05,000 ரூபாய். வழக்கு இல்லை, வாதம் இல்லை. மானியின் பதிவை எடுத்து வாரக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நாளொன்றுக்கு இத்தகைய கட்டங்கள் எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்: 96. தஞ்சை ஆடுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் இதைக் கண்டபோது வகுப்பில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இம்முறை 2014இல் பெயரும் விதிகளும் மாறி விலகல் தீர்வு முறை ஆயிற்று. 15 நிமிடக் கட்டங்கள் தொடர்ந்தன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2012 சூலை 30ஆம் நாள் அதிகாலை வட இந்தியத் தொகுப்பு சரிந்தது. மறுநாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சேர்ந்து சரிந்தன. கோடிக்கணக்கான மக்கள் இருளில் இருந்தார்கள். முதல் நாள் சரிவுக்கு முந்தைய நொடிகளில் அதிர்வெண் அனுமதித்த எல்லைக்குள்ளேதான் இருந்தது. அளவு மீறிப் பாரம் ஏறியிருந்தது சில மின்தடங்களின் மேல். விலை வைத்தது அதிர்வெண்ணுக்கு, முறிந்தது தடம். தென் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பு 2013 திசம்பர் 31இல் தான் நடந்தது. அதனால் நாம் தப்பினோம்.

கணிப்பொறியே படிக்கும் ஒப்பந்தம்

இனி மாணவியின் வழக்குக்கு வருவோம். ஒரு நிறுவனம் தன் கணிப்பொறிப் பணியை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது எழுதிக்கொள்வது சேவைத்தர ஒப்பந்தம். தளம் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும், கேட்ட விவரம் 2 நொடிக்குள் வரும் என்பன போன்ற வாக்குறுதிகள் அதில் இருக்கும். நெடுநாள் இவை வழக்கறிஞர் மொழியில் தாளில் கிடந்தன. மாதக் கடைசியில் யாரோ பதிவேடுகளைப் புரட்டிக் கணக்குப் போடுவார்கள். அதற்குள் நடந்தது நடந்துவிட்டிருக்கும்.

ஒப்பந்தத்தையே கணிப்பொறிக்குப் புரியும் மொழியில் எழுதிவிட்டால்? ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அலெக்சாண்டர் கெல்லரும் ஐக்கோ லுட்விக்கும் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வுரையில் அத்தகைய மொழி ஒன்றை விளக்கினார்கள். அதில் மூன்று பகுதிகள். முதலில் ஒப்பந்தக்காரர்கள் யார் யார்; அளப்பதற்கும் தீர்ப்பதற்கும் மூன்றாம் ஆள் இருந்தால் அவர் பெயரும் இங்கே வரும். அடுத்து, எந்த அளவு, அதை எங்கிருந்து எத்தனை நேரத்துக்கு ஒரு முறை எடுப்பது, எடுத்தவற்றை எப்படிக் கூட்டிக் கழிப்பது. கடைசியில், இன்ன அளவு இன்ன எல்லையைத் தாண்டினால் யார் என்ன செய்யவேண்டும். இவ்வாறு எழுதியதைப் படித்துக் கணிப்பொறியே தன் அளவுக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண்காணிக்கத் தொடங்கும். 2007இல் திறந்த வலைப்பின்னல் மன்றம் இதே நோக்கத்துக்காக ஒரு பொதுத்தரத்தை வெளியிட்டது. ஆடவல்லான் உழக்கும் உறவினர் பெயரும் பன்மாகேசுவரர் காப்பும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

கடினமானது நடுப்பகுதி. 99.9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம் நின்றுபோகலாம் என்று பொருள். ஆண்டுக்கணக்காக எழுதியிருந்தால் அந்த எட்டே முக்கால் மணியும் கடைசி நாள் மாலையில் வந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. மாதக்கணக்காக எழுதியிருந்தால் 43 நிமிடத்துக்கு மேல் நிற்கமுடியாது. ஒரே விழுக்காடு, எவ்வளவு வேறுபாடு! கருவி 5 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால், 2 நிமிடத் தடை அதன் கண்ணில் படுவதற்கான நிகழ்தகவு ஐந்தில் இரண்டுதான். சராசரியும் ஏமாற்றும். 100 பேரில் 90 பேருக்கு அரை நொடியிலும் 10 பேருக்கு பதினைந்தரை நொடியிலும் பதில் வந்தால், கூட்டி வகுத்தால் சரியாக 2 நொடி வரும். ஒப்பந்தம் நிறைவேறிற்று என்று பொறி எழுதிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, எங்கிருந்து பார்ப்பது என்பது. அந்தத் தளத்தின் கண்காணிப்பு நிரல், பெரும்பாலும் வழக்கப்படி, தளத்தை வழங்கும் பொறிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கும். ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். முகப்புப் பக்கம் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் நிரல் வேறு. அதன் வாசலில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததை முகப்புப் பக்கம் அறியாது. செஞ்சிப் பக்கத்துக் கடையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தையும் அறியாது. ஆகவே பதிவேடு உண்மை, மாணவியும் உண்மை. தஞ்சை விளக்கை எரியும் இடத்திலேயே நின்று பார்த்தார்கள். இங்கே நெய்க்குடத்தைப் பார்த்துவிட்டு விளக்கு எரிவதாக எழுதிவிட்டார்கள். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கும் ஒரு பொய்ப் பயனரை ஊர்தோறும் வைத்து அளக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் அவற்றை வைப்பார்கள். எழுதும்போது அந்த மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச அங்கே ஆள் இருப்பதில்லை.

நீங்களே செய்து பார்க்கலாம்

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் செய்த ஒரு சிறு கருவியைச் சொல்லுகிறேன். ஒரே மாதிரியான இரண்டு சுவர்க் கடிகாரங்களை வாங்குங்கள். ஒன்றரை வோல்ட் மின்கலத்தில் ஓடும் மலிவு வகை போதும். ஒன்றில் மின்கலத்தைப் போடுங்கள். மற்றதற்கு மின்கலம் வேண்டாம். பழைய கைப்பேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டை எடுத்து, 330 ஓம் மின்தடை ஒன்றையும் இரண்டு சிலிக்கான் டையோடுகளையும் வரிசையாக இணையுங்கள். மின்னோட்டம் செல்லும் திசையில் இருக்கும் இரண்டு டையோடுகளின் குறுக்கே ஏறத்தாழ 1.4 வோல்ட் கிடைக்கும். கடிகாரத்தை அங்கே இணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்து, மின்னேற்றியைச் சுவரில் செருகுங்கள்.

மின்சாரம் நின்றால் இரண்டாவது கடிகாரம் நிற்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி வாருங்கள். அதுவே உங்கள் வீட்டின் மொத்தத் தடை நேரம். எத்தனை முறை தடைப்பட்டது என்பதை இது சொல்லாது. வேறுபாடு 12 மணியைத் தாண்டினால் குழப்பமும் வரும். ஆனால் தெருமுனை மின்மாற்றியில் ஃபியூஸ் போய் உங்கள் தெரு மட்டும் இருண்டிருந்தால், துணைமின் நிலையத்திலுள்ள மானிக்குத் தெரியாத அந்த நேரமும் இதில் விழும். பகுதி அலுவலகத்தில் உங்கள் பகுதியின் தடைப் பதிவைக் கேட்டு வாங்கி, உங்கள் நோட்டுப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தவறு என்று உடனே முடிவு கட்டவேண்டாம். எந்தக் கடிகாரம் எந்த இடத்தில் தொங்கியது என்று முதலில் கேளுங்கள்.